வளர்த்துக் கொடுக்கும் வீடு

எங்கள் பகுதியில் ஆடுகளை வாரத்துக்கு வளர்ப்பது பழைய வழக்கம். ஆடு ஒருவருடையது, மேய்த்து வளர்ப்பவர் இன்னொருவர், ஈனும் குட்டிகளில் இருவருக்கும் பங்கு. ஆறு ஆண்டுகளாக நான் செய்துவருவதும் ஏறக்குறைய அதுதான், பங்கு மட்டும் கிடையாது. தாயை இழந்தோ, யாரோ கொண்டுவந்து விட்டுப்போனதாலோ தெருவில் தனியாக நிற்கும் நாய்க்குட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து, சில வாரங்கள் வளர்த்து, கடைசிவரை வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கிறேன். இதுவரை பதினோரு குட்டிகள். விலங்கு நல அமைப்பினர் இதைத் தற்காலிக வளர்ப்பு என்கிறார்கள். என் அத்தை "வளர்த்துக் குடுக்கிறது" என்பார். அத்தை சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்த வேலையில் வளர்ப்பது பாதி, கொடுப்பது மீதி.

ஆசிரியர்களுக்கான இதழில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். மழை ஓய்ந்து தை பிறந்தால் நம் ஊர்களில் வேலி ஓரமெல்லாம் நாய்க்குட்டிகள். அவற்றை முதலில் பார்ப்பவர்கள் நம் மாணவர்கள். பார்த்ததும் தூக்கிக்கொண்டு வருவது நம்மிடம். புத்தகப் பையிலிருந்து முனகல் சத்தம் வராத தொடக்கப் பள்ளி ஏதாவது இருக்கிறதா என்ன? அந்த நேரத்தில் "கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று சொல்வதும் ஆபத்து, "ஐயோ பாவம்" என்று வகுப்பிலேயே வைத்துக்கொள்வதும் ஆபத்து. ஒரு பக்கம் குட்டியின் உயிர், மறுபக்கம் நம் குழந்தைகளின் உயிர். இரண்டுக்கும் வேண்டியது கொஞ்சம் சரியான தகவல்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தாய் எங்கே என்பது. இரை தேடிப் போன தாய் சில மணி நேரம் கழித்துத் திரும்பும். குட்டிகள் தனியாக இருப்பதாலேயே அவை அனாதை ஆகிவிடாது. எட்டு வாரம் வரையாவது குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருப்பதே நல்லது. ஆகவே தூரத்தில் நின்று அரைநாளாவது கவனிக்கச் சொல்கிறேன். தாய் அடிபட்டு இறந்துவிட்டது, அல்லது சாலையோரத்தில் ஒற்றைக் குட்டி கிடக்கிறது என்று உறுதியானால் மட்டும் எடுக்கலாம்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயது வரை உயிரோடு இருந்தவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 63 சதவீதம் ஏதோ ஒரு வகையில் மனிதர்களால் நேர்ந்தவை. ஐந்தில் ஒன்று என்ற இந்தக் கணக்கைச் சதவீதப் பாடத்தில் கொடுத்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

அடுத்தது குழந்தைகளின் உயிர். ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்கள் வழியாக வருகிறது என்றும், சந்தேகத்துக்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வகுப்பறை வயதுதான் அது. "குட்டிதானே, பல்லே முளைக்கலையே" என்பார்கள். குட்டிக்கும் ரேபிஸ் வரும். தாய் கடித்து வந்திருக்கலாம், வேறு நாய் கடித்திருக்கலாம். ஊசி போடாத குட்டி பல் பதித்தாலும், ரத்தம் வராமல் பிறாண்டினாலும், காயம்பட்ட தோலை நக்கினாலும் செய்ய வேண்டியவை ஒன்றுதான்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித்தூள் எதுவும் காயத்தில் படக்கூடாது.

15 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று நம் குழந்தைகளுக்குத் தெரியாது. கைகழுவும் குழாயடியில் ஒருநாள் செய்து காட்டினோம், தண்ணீரை வீணாக்காமல், வெறுமனே கையைத் தேய்ப்பது போல நடித்து. மூன்றாவது நிமிடத்திலேயே "போதும் டீச்சர்" என்றார்கள். மணி பார்த்து முழு நேரமும் நிற்க வைத்தேன். இப்போது எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் "கால் மணி நேரம் கழுவணும்" என்று சொல்லும்.

இன்னொரு பெரிய தடை பயம். பிறாண்டியதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. திட்டு விழும், ஊசி போடுவார்கள் என்ற பயம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற கதையைத் தாத்தா பாட்டி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊசி வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது போடுவது கையில், நான்கு அல்லது ஐந்து தவணை, அரசு மருத்துவமனைகளில் இலவசம். எங்கள் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு ஆண்டுக்கு முன் கடிபட்டு முழுத் தவணையும் போட்டுக்கொண்டவன். "தடுப்பூசி அட்டையில இருக்கிற தேதியை எங்க அம்மா காலண்டர்ல வட்டம் போட்டாங்க" என்று அவன் வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியம் என் அரைமணி நேர விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்தது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பூசி போட்டது ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு என்பதையும், அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் 1907 முதல் நம் குன்னூரிலேயே இயங்குகிறது என்பதையும் அறிவியல் ஆசிரியர்கள் சேர்த்துச் சொல்லலாம். பாஸ்டர் இறந்த நாளான செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். காலை வணக்கக் கூட்டத்துக்குப் பொருத்தமான பொருள்.

இதனால்தான் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். குட்டி என் வீட்டுக்குத்தான் வரும், பள்ளி வளாகத்துக்குள் வராது. மாணவர்கள் தொட மாட்டார்கள், தூக்க மாட்டார்கள். நான் முன்கூட்டியே போடும் தடுப்பூசியை மூன்று தவணையாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். குட்டிகளைக் கையாள நினைக்கும் எவரும் முதலில் மருத்துவரைப் பார்த்து அதைக் கேட்க வேண்டும்.

இனி பட்டாணியைப் பற்றி. சென்ற தை மாதம் வந்த பெண்குட்டி. செம்பழுப்பு நிறம், முன்னங்கால் ஒன்றில் மட்டும் சாக்ஸ் போட்டது போல வெள்ளை. தாய் லாரியில் அடிபட்டு இறந்த இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. வயது ஆறு வாரம் இருக்கும் என்று கால்நடை உதவி மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். எடை 2.1 கிலோ. வகுப்பில் பெயர் வைக்கும் தேர்தல் நடந்து, "பட்டாணி" ஏழு வாக்கு வித்தியாசத்தில் வென்றது.

முதல் நாளே அரசு கால்நடை மருந்தகம். குடற்புழு மருந்து அன்றே, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் முடிந்ததும். பார்வோ குட்டிகளைக் கொல்வதில் முதன்மையானது. வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் ஊசிகள் முடியும்வரை பட்டாணியின் கால் தெருவில் படவில்லை.

உணவில் நம் வீட்டுப் பழக்கம்தான் பெரிய தொல்லை. மிஞ்சிய சாம்பார் சாதத்தைப் போடுவது வழக்கம், ஆனால் வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பாயசத்து உலர்திராட்சை, சாக்லேட் இரண்டும் அப்படியே. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். குழைந்த சோறு, முட்டை, உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, கொஞ்சம் தயிர் என்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன்.

விளையாட்டும் வாயும்

ஆரோக்கியமான குட்டி விளையாடும். பட்டாணியோ காலை ஐந்து மணிக்கு என் செருப்போடு நாளைத் தொடங்குவாள். இந்த விளையாட்டுத்தனத்தைப் பார்த்துத்தான் மக்கள் ஆசையாகக் கேட்டு வாங்கிப்போகிறார்கள். நான்கைந்து மாதம் ஆனதும், பல்லும் எடையும் கூடியபின், அதே விளையாட்டுத்தனத்தைக் காரணம் காட்டித்தான் தெருவில் விடுகிறார்கள். ஆகவே இடையில் வளர்ப்பவருடைய முக்கியமான வேலை பாசம் காட்டுவதோ சோறு போடுவதோ அல்ல, அவை தானாக நடக்கும். குட்டியின் விளையாட்டை இன்னொரு வீடு தாங்கிக்கொள்ளும் விளையாட்டாக மாற்றுவதுதான் வேலை.

கூடப்பிறந்தவற்றோடு வளரும் குட்டி இதைத் தானே கற்றுக்கொள்ளும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அடுத்த முறை வாய் மெதுவாகப் படும். தனியாக வந்த குட்டிக்கு அந்தப் பாடம் விட்டுப்போயிருக்கும், அதை நாம் நடத்த வேண்டும். பல் தோலில் பட்ட கணமே விளையாட்டை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி இருபது விநாடி சிலைபோல நிற்பேன். பிறகு கடிக்கத் தகுந்த ஒன்றைக் கொடுத்து மறுபடி தொடங்குவேன். "ஆ" என்று கத்தச் சொல்பவர்களும் உண்டு. சில குட்டிகளுக்கு அது பலிக்கிறது. பட்டாணிக்குக் கத்தினால் இன்னும் உற்சாகம் வந்தது, மௌனம்தான் பலித்தது. மூக்கில் தட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அடிபட்ட குட்டி, நீளும் கையெல்லாம் அடிக்க வரும் கை என்று கற்றுக்கொள்கிறது. நாளை நீளும் கை ஒரு நான்கு வயதுக் குழந்தையுடையதாக இருக்கும்.

விலை கொடுத்து வாங்கும் பொம்மை தேவையில்லை. பழைய காட்டன் துண்டில் மூன்று முடிச்சுப் போட்டு, நனைத்து, குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் ஈறு அரிப்புக்கு இதமாக இருக்கும். கிழிந்து நூல் பிரியும்போது எடுத்துவிட வேண்டும். பால்பற்கள் 28. அவை விழுந்து நிலையான 42 பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை எதையாவது கடித்துத்தான் தீரும். மாலை ஆறு மணி வாக்கில் காரணமே இல்லாமல் வெறிபிடித்தது போல ஓடிக் கடிக்கிறது என்றால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை என்று பொருள். குட்டிகள் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். மதியம் தூங்காத அங்கன்வாடிக் குழந்தை சாயங்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் நடத்தை பற்றி 1965-இல் எழுதிய நூல், குட்டிகள் உலகத்தோடு பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை என்று காட்டியது. அந்த நாட்களில் பார்த்துப் பழகியவற்றிடம் பிறகு பயம் குறைவு, பார்க்காதவற்றைக் கண்டால் மிரளும், மிரண்டால் கடிக்கும். சிக்கல் என்னவென்றால், பார்வோவுக்குப் பயந்து வெளியே விடக்கூடாத வாரங்களும் இவையேதான். இரண்டுக்கும் நடுவே நான் கண்ட வழி தோளில் மாட்டும் துணிப்பை. பட்டாணியைப் பைக்குள் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, தினமும் கால் மணி நேரம் நடப்பேன். தலைக்கவசம் போட்டவர், குடை பிடித்தவர், தடி ஊன்றிய பெரியவர், புர்கா அணிந்த அக்கா, பஸ் ஹாரன், கோயில் மேளம், வீட்டுக்குள் குக்கர் விசில். யாரும் தொடத் தேவையில்லை, அவள் பார்த்தால் போதும். காது, கால்விரல், வாய் இவற்றைத் தினமும் மெல்லத் தொட்டுப் பழக்கினால் பிற்பாடு மருத்துவருக்குச் சிரமம் இருக்காது.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப்போய், அங்கே சிறுநீர் கழித்ததும் பாராட்டுவேன். உள்ளே கழித்துவிட்டால் சத்தமில்லாமல் துடைத்துவிடுவேன். அதில் அதற்குமேல் சூட்சுமம் ஒன்றும் இல்லை.

பள்ளிக்குப் பட்டாணி வரவில்லையே தவிர, அவளுடைய பதிவேடு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடையைச் சொல்வேன். 2.1, 3.0, 4.1, 5.2, 6.3 கிலோ. ஐந்தாம் வகுப்பு வரைபடம் போட்டது. செல்பேசியில் எடுத்த காணொளியைத் திறன் பலகையில் காட்டி, எது விளையாட்டு, எது பயம் என்று பிரிக்கச் சொன்னேன். முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்பது "விளையாட வா" என்ற அழைப்பு. மார்க் பெகாஃப் என்ற ஆய்வாளர் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். வாலை ஆட்டினால் எப்போதும் சந்தோஷம் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள், விறைத்த உடம்போடு ஆடும் வால் வேறு என்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். தெருவில் நாய் நெருங்கினால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி, பார்வையைத் தாழ்த்தி மரம்போல நிற்கும் பயிற்சியை விளையாட்டுப் பாடவேளையில் நடத்தியது, கடிபட்ட அந்த நான்காம் வகுப்பு மாணவன்தான்.

கொடுப்பது

"பொட்டைக் குட்டியை யாரு எடுப்பா?" என்று அத்தை முதல் நாளே கேட்டார். கசப்பான உண்மை அது. தெருவில் விடப்படும் குட்டிகளில் பெண்குட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடுமே, அவற்றை என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்துக்கு விடை கருத்தடை அறுவை சிகிச்சை. ஆறு மாத வாக்கில் செய்துவிடலாம். இந்த ஒன்றைப் பொறுமையாகச் சொன்னால் பாதிப் பேர் மனம் மாறுகிறார்கள். நான் குட்டியைத் தருவதே அதற்குச் சம்மதிப்பவர்களுக்குத்தான்.

கேட்டு வருபவர்களிடம் நான் கேட்பவை: வீடு சொந்தமா, வாடகையா, வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், பணிமாறுதல் வந்தால் கூட்டிப்போவீர்களா. கடைசிக் கேள்வி சக ஆசிரியர்களுக்கானது. கலந்தாய்வு முடிந்த மாதங்களில் கைவிடப்பட்ட நாய்களை நான் கண்டிருக்கிறேன். பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உயிரினங்களிடம் பரிவு காட்டுவது அடிப்படைக் கடமைகளில் ஒன்று என்று 51-ஏ பிரிவை எட்டாம் வகுப்புக்கு நடத்துகிறோமே, அதன் நடைமுறை இங்கேதான் இருக்கிறது.

ரேபிஸ் ஊசி போட்ட சில நாளில் பட்டாணியை ஒரு குடும்பம் வாங்கிப்போனது. ஒன்பதாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்று வயதுக் குழந்தை ஓடுகிறது, இவள் துரத்திப்போய்க் கவுனைப் பிடித்து இழுக்கிறாள், குழந்தை விழுகிறது. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் வாங்கும் உறுதிமொழி ஒன்று உண்டு: "முடியலைன்னா எப்ப வேணும்னாலும் எங்கிட்டயே குடுங்க, காரணம் கேட்க மாட்டேன்." அதனால்தான் அவள் ஏதோ ஒரு புறவழிச் சாலையில் இறக்கிவிடப்படாமல் என் வாசலுக்கு வந்தாள்.

ஆனால் அப்போது அவளுக்குப் பதினைந்து வாரம். குட்டிக் களை மாறி, கால் நீண்டு, பார்ப்பவர்கள் "பெரிசாயிடுச்சே" என்று சொல்லத் தொடங்கும் வயது. அடுத்த இரண்டு வாரம் துணி நுனியை இழுக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை செய்தேன். என் மகன் அறைக்குள் நடப்பான், அவள் துரத்தாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு துண்டு முட்டை. பிறகு வேகமாக நடப்பான். பிறகு ஓடுவான். நாளுக்கு ஐந்து நிமிடம், மூன்று முறை. பன்னிரண்டாம் நாள் அவன் ஓடியபோதும் அவள் உட்கார்ந்தே இருந்தாள், வால் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவதாக வந்தவர்கள் வாழைத் தோட்டக்காரர்கள். எட்டாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகள், பகலில் எப்போதும் ஆள் இருக்கும் வீடு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்து பார்த்தார்கள். ஒப்படைக்கும்போது தடுப்பூசி அட்டை, அடுத்த ஊசித் தேதி, அவள் சாப்பிடும் உணவு, நான் பயன்படுத்தும் "உட்கார்", "வா", "விடு" என்ற சொற்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சொல் மாறினால் குட்டி குழம்பும். அவள் படுத்திருந்த துண்டைத் துவைக்காமல் கொடுத்தேன், பழகிய வாசனை உடன் இருந்தால் முதல் இரவு கொஞ்சம் எளிது. முதல் மூன்று நாள் ஒளிவாள், சாப்பிட மறுப்பாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம் ஆகலாம், அதற்குள் முடிவு எடுக்காதீர்கள் என்றும் சொன்னேன்.

பிரிவது கஷ்டமாக இல்லையா என்று ஆசிரியர் அறையில் கேட்கிறார்கள். இருக்கிறது. என் மகன் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஆனால் பட்டாணியை வைத்துக்கொண்டால் அடுத்த தை மாதம் புத்தகப் பையில் வரும் குட்டிக்கு எங்கள் வீட்டில் இடம் இருக்காது. ஆண்டுதோறும் ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பை அனுப்பிவைப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

இரண்டாம் இரவு அந்த வீட்டுப் பையன் போன் செய்தான். "டீச்சர், கட்டிலுக்கு அடியில இருந்து வரமாட்டேங்குது." வெளியே இழுக்காதே, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடம் படி என்றேன். நான்காம் நாள் அவன் புத்தக ஓரத்தைக் கடித்திருக்கிறாள். அவர்கள் பெயரை ராணி என்று மாற்றிவிட்டார்கள். கருத்தடைக்கு ஆனி மாதக் கடைசியில் நாள் வாங்கியிருக்கிறார்கள். அன்று அரைநாள் தற்செயல் விடுப்பு எடுத்து நானும் போகிறேன்.